நாலேகால் மணியும் இருபது ரூபாயும்

(மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கடைசி மணி நாலேகாலை ஒட்டி அடிக்கிறது. மதியம் சாப்பிட்ட சோறு அதற்குள் செரித்துப் போயிருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் காலையிலேயே தீர்ந்திருக்கும், அல்லது திறக்கப்படாமல் பையிலேயே சூடேறிக் கிடக்கும். வாசலுக்கு வெளியே வெயில் இன்னும் தணியவில்லை. பஸ் வர இருபது நிமிடம் ஆகும். பையின் சின்ன ஜிப்புக்குள் அம்மா கொடுத்த 20 ரூபாய் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை. அதன் முகப்பில், உள்ளே விளக்கெரியும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்.

"அண்ணா, சில்லுனு ஏதாவது குடுங்க."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்த உரை முழுவதும்.

பதின்வயதுப் பிள்ளைகள் நல்ல பானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மேடையில் சொல்வது சுலபம். அந்த ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். 20 ரூபாய்க்கு 250 மி.லி. கோலா கிடைக்கிறது. அதே விலைக்கு அதே அளவு எனர்ஜி டிரிங்க் கிடைக்கிறது. மாம்பழப் படம் போட்ட பாட்டிலும் உண்டு. இளநீருக்கு நகரங்களில் 50 ரூபாயாவது வேண்டும். மோர் பாக்கெட் சித்திரை வெயிலில் கண்ணில் படும். ஆடி பிறந்தால் தேட வேண்டும். பல கடைகளில் அந்த ஃப்ரிட்ஜே கடைக்காரருடையது கிடையாது. 'கம்பெனி ஃப்ரிட்ஜ்' என்று அவர்களே சொல்வார்கள். பானக் கம்பெனி கொடுத்தது, அந்தக் கம்பெனியின் சரக்கைத்தான் அதில் அடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மோரும் எலுமிச்சைச் சாறும் குளிர்ச்சியில்லாமல் வெளியே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளை கையை நீட்டும் முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி பிள்ளையின் கையில் இருக்கிறது. இரண்டு பாதியையும் பேசாமல் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமாகாது.

முதலில் பிள்ளையின் கையில் இருக்கும் பாதி. அதற்கு ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும், கரண்டிக் கணக்கு. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். பாட்டிலின் பின்பக்கம் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள். வழக்கமான கோலாக்களில் அது 10 கிராமை ஒட்டியே இருக்கிறது. 250 மி.லி. பாட்டிலுக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஐந்து கரண்டி. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் இரண்டு மடக்குக்கு மேல் குடிக்காது. கோலாவில் அது இறங்கிவிடுவதற்குக் காரணம் குளிர்ச்சியும் புளிப்பும். நாக்கில் குளிர் ஏறினால் இனிப்பு மங்கும். சேர்த்திருக்கும் அமிலம் திகட்டலை மறைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வரம்பு சொன்னது. பழத்தோடும் பாலோடும் இயல்பாக இருக்கும் இனிப்பைத் தவிர்த்து, வெளியிலிருந்து சேரும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து, நாள் முழுவதற்கும் உணவாற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். நாலேகால் மணிக்கு வாங்கிய அந்த ஒரு பாட்டிலோடு அது முடிந்துபோகிறது. காலையில் குடித்த காபியின் சர்க்கரையும் இரவுக்குச் சாப்பிடப்போகும் இனிப்பு பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சர்க்கரை பற்றிய விவரங்களைச் சொல்லும் 'சுகர் போர்டு' வைக்கச் சொன்னபோது ஒரு விவரத்தையும் குறிப்பிட்டது. 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் உணவாற்றலில் 15 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது என்பதே அது. நல்லது என்று சொன்ன 5 சதவீதத்துக்கு மூன்று மடங்கு.

உடம்பு இதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு இட்லி சாப்பிட்டால் வயிறு 'போதும்' என்கிறது. குடிக்கும் சர்க்கரைக்கு வயிறு அப்படி எதுவும் சொல்வதில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் வழக்கம்போலவே சாப்பிடுகிறார். பல்லுக்கு நேரும் சேதம் தனி. பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழான பி.ஹெச். அளவில் கரையத் தொடங்கும். கோலாவின் பி.ஹெச். 2.5-ஐ ஒட்டியது. ஒரே மூச்சில் குடித்தால் வாய் சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடும். டியூஷன் முடியும் வரை ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக உறிஞ்சினால் அத்தனை நேரமும் பல் அமிலத்தில் ஊறும். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, நாட்டின் பதின்வயதினரில் பத்துப் பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயின் முந்தைய நிலையில் இருப்பதாகக் கண்டது. தாத்தாவின் நோய் என்று நினைத்திருந்தது பேரனின் வகுப்பறைக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு பழைய விவாதத்தைத் தொட வேண்டும். 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, தமிழ்நாட்டின் வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. ஆற்று நீரை உறிஞ்சும் ஆலைகள் மீதான கோபம் அதில் இருந்தது. உள்ளூர்த் தொழில் பிழைக்க வேண்டும் என்ற அக்கறையும் இருந்தது. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ அப்போது புது மரியாதையோடு கடைகளில் நின்றது. அந்த உணர்வில் குறை சொல்ல எதுவும் இல்லை. உள்ளூர்க்காரரிடம் வாங்குவது நல்ல காரியம். ஆனால் கணையத்துக்குச் சர்க்கரையின் சொந்த ஊர் தெரியாது. விருதுநகரில் கரைத்தாலும் அட்லாண்டாவில் கரைத்தாலும் ஐந்து கரண்டி ஐந்து கரண்டிதான். ஊர்ப் பற்றை உடல்நலக் கணக்கில் சேர்த்தால் இரண்டுமே தப்பாகும்.

'பழம்' என்ற சொல்லும் இதே போன்ற குழப்பத்தைத் தருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெங்களூரா என்று அழைக்கப்படும் மாம்பழம் பருவத்தில் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அது நல்ல பழம்தான். ஆனால் 'ஃப்ரூட் டிரிங்க்' என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே இந்திய விதிப்படி போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். எத்தனை சதவீதம் பழம் என்பது பாட்டிலிலேயே அச்சாகியிருக்கும், தேடிப் படிக்க வேண்டும். அடர்த்தியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக்கூடாது என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உண்மையான சாறானாலும் ஒரு டம்ளருக்கு மூன்று ஆரஞ்சு பிழிய வேண்டும். நாரெல்லாம் சக்கையோடு போய்விடும். ஒரு பழத்தைச் சுளை சுளையாகத் தின்பது எப்போதும் மேல்.

மால்ட் பவுடர்கள் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தமிழகத்து வீடுகளில் அவற்றுக்கு மருந்துக்குரிய மரியாதை உண்டு. உயரம் கூடும், மார்க் கூடும் என்று நம்பி, சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வாங்கிய தாய்மார் ஏராளம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் இணையக் கடைகள் இந்தப் பொடிகளை அந்தத் தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று சொல்லப்பட்டது; பெரிய நிறுவனங்கள் பெயரையும் மாற்றிக்கொண்டன. இவற்றில் 100 கிராம் பொடிக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தவை இருந்தன. அதன்மேல் வீட்டிலும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்குவது வழக்கம். அந்தப் பணத்துக்கு ஒரு முட்டையும் ஒரு பிடி வேர்க்கடலையும் வாங்கலாம். பாலை வெறும் பாலாகக் கொடுக்கலாம்.

இப்போது சொல்லப்போவது மருந்தின் பெயரிலேயே விற்ற பானத்தின் கதை, கொஞ்சம் நீண்டது. சொல்லியே ஆக வேண்டும்.

1971. வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளால் மேற்கு வங்கத்தின் போங்கான் நகரம் நிரம்பி வழிந்தது. முகாமில் காலரா. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனோபிஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்கு பேருக்கும் குறைவாக இறங்கியது. குளுக்கோஸ் சரியான அளவில் இருந்தால் குடல் உப்பையும் அதோடு தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதே அதன் அறிவியல். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, இவற்றோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கின்றன. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த கரைசல் இது. மகலனோபிஸ் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை பிறகு வியாபாரமானது. பழச் சுவையும் பல மடங்கு சர்க்கரையும் கொண்ட அட்டைப் பெட்டிப் பானங்கள், பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. வயிற்றுப்போக்கில் இருக்கும் பிள்ளைக்கு அதிகச் சர்க்கரை போனால், அது உடம்பிலுள்ள நீரையும் குடலுக்குள் இழுத்துவந்து போக்கை அதிகமாக்கும். மருந்தென்று நினைத்துப் பெற்றோர் கொடுத்தது நோயைக் கூட்டியிருக்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனியாளாகக் கடிதம் எழுதினார், வழக்குத் தொடுத்தார், பேசிக்கொண்டே இருந்தார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தக் கலவை இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த எழுத்துகள் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நடைமுறை விஷயம் உண்டு. விளையாட்டு மைதானத்தில் வியர்த்துச் சோர்ந்தாலும் பேதி கண்டாலும் கேட்க வேண்டியது, தண்ணீரில் கரைக்கும் பொடி பாக்கெட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும்.

எனர்ஜி டிரிங்க் இதைவிடக் கவலை தருவது. மார்ச் மாதப் பொதுத் தேர்வு நெருங்கும்போது ஹாஸ்டல் அறைகளில் அந்தச் சின்னப் பாட்டில்கள் சேரத் தொடங்கும். இந்திய விதிப்படி ஒரு லிட்டரில் 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். உச்ச அளவில் 250 மி.லி.க்கு 75 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பிள்ளைகளுக்குச் சொன்ன எல்லை, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு 120. ஒரு பாட்டிலும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியும் சேர்ந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். ஏனென்றால் 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) கூறுகிறது.

பத்து மணிக்குக் குடித்த காஃபினில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். உடம்பு அதைப் பாதியாக்கவே ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கண் திறந்திருக்கும், இதயம் படபடக்கும், படித்தது பதிவதற்குத் தேவையான ஆழ்ந்த தூக்கம் மட்டும் வராது. படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான் நடக்கிறது. பதின்வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைக் குறைத்துப் பெறும் விழிப்பு, தேர்வு எழுதும் பிள்ளைக்கு நஷ்டக் கணக்கு. குழந்தைகள் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இலேயே சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014-இல் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடை செய்தது. லாட்வியா 2016-இலும் போலந்து 2024-இலும் அதே வழியில் சென்றன. இந்தியாவில் பாட்டிலின் மேல் 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை' என்ற வாசகம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் அந்த வாசகத்தை, தமிழ் மீடியத்தில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் எங்கே படிக்கப்போகிறான்? பள்ளிக்கூடத்தை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர் ஒருவர், 'இது உனக்கு வேணாம் தம்பி' என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுத்தால் அந்த வாசகத்தைவிட அதிகம் பலன் இருக்கும்.

டீயைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவது, நாலாவது பீரியடில் கண் செருகுவது, முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால் அது இருக்கலாம். கீரையிலும் கம்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை டீயிலும் காபியிலும் உள்ள டானின் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பு சேர்த்துக்கொள்ள விடாது. அதனால்தான் 2024-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்கிறது. இட்லியோடு சேர்த்தே காபி குடிக்கும் பழக்கமுள்ள ஊரில் இது கடினமான யோசனைதான். காபியைக் காலை எழுந்ததும் ஒதுக்கிக் குடித்துவிட்டு, இட்லியை எட்டரைக்குச் சாப்பிட்டாலும் போதும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கும் பெண், ஒரு செலவும் இல்லாமல் மருந்தின் பலனைக் கூட்டிக்கொள்கிறாள்.

நம்மூர்ப் பானங்கள் எல்லாமே நல்லவை என்று சொல்லிவிட முடியாது. கரும்புச் சாற்றில் 100 மி.லி.க்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருப்பதால், வெயில் காலத்திலும் அளவோடு குடிக்கச் சொல்கிறது அதே வழிகாட்டி. ஒரு பெரிய டம்ளர் என்றால் ஆறேழு கரண்டி. கோலாவை மிஞ்சிவிடும். பதநீரிலும் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் உண்டு. நன்னாரி வேருக்கு மணமும் குளிர்ச்சியும் உண்டு. சர்பத்தாக வரும்போது அது சர்க்கரைப் பாகில் வருகிறது. மதுரை ஜிகர்தண்டாவும் மயிலாப்பூர் ரோஸ் மில்க்கும் பலகாரத்தோடு சேர்த்து எண்ண வேண்டியவை. ஊருக்குப் போகும்போது ஒருநாள் குடித்து மகிழலாம், தாகத்துக்குக் குடிப்பவை அல்ல.

தாகத்துக்கு நம்மிடம் வேறு செல்வம் இருக்கிறது. மோர் அதில் முதல். இஞ்சியும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு, உப்பு சேர்த்த நீர்மோரில் சேர்த்த சர்க்கரை ஒரு துளியும் இல்லை. வியர்வையில் போன உப்பு திரும்பி வருகிறது. கொஞ்சம் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. 13 முதல் 15 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஒரு டம்ளர் பாலில் அதில் ஏறக்குறைய கால்வாசி வந்துவிடும். தண்ணீராக நீட்டிய மோரில் அவ்வளவு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை ஈடுகட்ட கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்பு தன் நிறையில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இருபது வயதுக்குள். அறுபதில் இடுப்பு முறியாமல் இருப்பதற்கான சேமிப்பு பதினான்கில் நடக்கிறது.

கூழ் விற்கும் தள்ளுவண்டியைப் பார்த்ததும் பல பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் குடிப்பது என்ற எண்ணம் எப்படியோ படிந்துவிட்டது. கம்பங்கூழில் இரும்பு இருக்கிறது. முதல்நாள் இரவே புளிக்க வைப்பதால் தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது. மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் தொட்டுக்கொண்டு குடித்தால் அது வயிற்றையும் நிரப்பும், தாகத்தையும் தீர்க்கும். 20 ரூபாய்க்கு இன்றும் பல ஊர்களில் ஒரு சொம்பு கிடைக்கிறது. தெருவோரத்தில் அந்த வண்டியைத் தள்ளும் அக்காக்கள், ஊட்டச்சத்து நூல்கள் சொல்வதை வெயிலில் நின்று செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

பெட்டிக்கடையிலும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில் தமிழ்நாட்டில் கோலி சோடாவாகவே வாழ்கிறது. அந்தப் பாட்டிலில் வரும் வெறும் சோடாவில் சர்க்கரை இல்லை. அதில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கேட்டால் குளிர்ச்சி, நுரை, புளிப்பு மூன்றும் கிடைக்கும். "அண்ணா, லெமன் சோடா, சால்ட் மட்டும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டால் நாலேகால் மணிப் பிரச்சினையில் பாதி தீரும். கடைக்காரர் டம்ளரைக் கண்ணெதிரில் கழுவுகிறாரா, ஐஸ் சுத்தமானதா என்று மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இனித் தண்ணீர். எல்லாரும் முதலில் சொல்வதை இந்த உரை கடைசிக்கு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

தண்ணீர் குடி என்று சொல்லாத அம்மா கிடையாது. அப்படியும் நிறையப் பெண்பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. மறதியால் அப்படி நடப்பதில்லை. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, நாற்றம் தாங்க முடியவில்லை. மாதவிடாய் நாட்களில் நாப்கினைப் போட இடமில்லை. அதனால் குடிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மலச்சிக்கல் என்று மருத்துவரிடம் வந்து நிற்பது அதன் பிறகு. அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டும்போது எட்டு மணி நேரத் தாகத்தோடு தாண்டுகிறாள். அந்தத் தாகத்துக்கு முன் எந்த அறிவுரையும் நிற்காது. சில்லென்று கையில் கிடைப்பதைத்தான் குடிப்பாள். குளிர்பான விற்பனைக்கும் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2019-இல் கேரளத்துப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' தொடங்கியது. தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிப்பார்கள். கர்நாடகம், தெலங்கானா என்று பரவி, 2025-இல் தமிழகப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை 11, பகல் 1, பிற்பகல் 3 மணிக்குச் சில நிமிடங்கள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து குடிப்பதால் ஒருவர் மட்டும் எழுந்து கேட்கும் கூச்சம் இல்லை. மிக நல்ல ஏற்பாடு. குடித்த தண்ணீர் வெளியேறவும் ஓர் இடம் வேண்டும் என்பதை அந்த மணியோடு சேர்த்துச் செய்தால்தான் அது முழுமையாகும். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு லிட்டர் கணக்கு தேவையில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. அடர்மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் விளையாட்டுக்கு விளம்பரத்தில் வரும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எதுவும் தேவையில்லை, தண்ணீரே போதும்.

பிள்ளையின் கையில் இல்லாத பாதிக்கு வரலாம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி வகுத்துவிட்டது. 50 மீட்டர் என்பது எழுபது எட்டு நடை. அந்த எழுபது எட்டுக்குள் எத்தனை கம்பெனி ஃப்ரிட்ஜ் நிற்கிறது என்பதை எந்த ஆசிரியரும் ஒரு மாலையில் எண்ணிவிடலாம்.

வரியிலும் ஒரு கோணல் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த கார்பனேட்டட் பானங்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. அதே நாளில் நுரையில்லாத பழச்சாற்றுப் பானங்களுக்கு 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அவற்றில் கோலாவுக்கு இணையாகச் சர்க்கரை உள்ளவை இருக்கின்றன. இந்த வரி சர்க்கரையை எடை போடுவதில்லை. 2018 ஏப்ரலில் பிரிட்டன் வேறு விதமாகச் செய்தது. 100 மி.லி.க்கு 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. வரி அமலாவதற்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. அங்கே கடையின் அடுக்கு மாறியது, பிள்ளைகள் அதே கடையில் அதே காசைக் கொடுத்துக் குறைந்த சர்க்கரையை வாங்கினார்கள். இந்தியாவிலும் கிராமை வைத்து வரி போட முடியும்.

அதற்கு நாளாகும். நாளாகாத காரியங்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் பெற்றோர்தான். சித்திரையில் ஊர்தோறும் கட்சிக்காரர்களும் கோயில்காரர்களும் போடும் தண்ணீர்ப் பந்தலில் ஒன்றைப் பள்ளி திறந்த பிறகு நாலேகால் மணிக்குப் பள்ளி வாசலில் போடச் சொல்லிக் கேட்கலாம். கூழ் வண்டி அக்காவை மாலையில் இந்தப் பக்கம் வரச் சொல்லலாம். எதிர்க்கடை அண்ணனுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கிக் கொடுத்து, மோர் பாக்கெட்டைக் கம்பெனி ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வைக்கச் சொல்லலாம். விற்கவில்லை என்றால் நஷ்டத்தை முதல் மாதம் குழுவே ஏற்கலாம். குழுவின் அடுத்த கூட்டத்தில், இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பெண்கள் கழிப்பறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போது வரும் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.